வறுமை 5.3 சதவீதமா, 23.9 சதவீதமா? ஏழைகளை எண்ணும் கணக்கின் உள்ளே

2025 ஜூனில் உலக வங்கி, கடும் வறுமைக்கான எல்லைக்கோட்டை ஒரு நாளைக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியது. அதனால் 2022-ம் ஆண்டுக்கான உலக ஏழைகளின் எண்ணிக்கை 71.3 கோடியிலிருந்து 83.8 கோடியாகக் கூடியது. அதே சமயத்தில் இந்தியாவின் கடும் வறுமை 5.3 சதவீதமாகச் சரிந்துவிட்டது என்றும் செய்தி வந்தது. கோட்டை உயர்த்தினால் அதற்குக் கீழே இருப்பவர்கள் கூடத்தானே வேண்டும், குறைவது எப்படி என்று பலர் குழம்பிப்போனார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் இந்த ஓர் எண் மட்டும் அல்ல. பழைய 2.15 டாலர் கோட்டின்படி இந்திய வறுமை 2.3 சதவீதம். சற்று உயர்ந்த 4.20 டாலர் கோட்டின்படி 23.9. செலவை விட்டு, ஊட்டச்சத்து, படிப்பு, மின்சாரம் போன்றவற்றில் உள்ள குறைகளை எண்ணும் நிதி ஆயோக்கின் பல்பரிமாணக் கணக்கில் 11.28. 2011-12-க்கு, அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறையில் 21.9, அதே ஆண்டுக்கு ரங்கராஜன் குழுவின் முறையில் 29.5.

இவற்றில் எதுவும் பொய்யல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நான்கு முடிவுகள் இருக்கின்றன: குடும்பத்திடம் என்ன கேட்பது, எத்தனை நாள் செலவைக் கேட்பது, கோட்டை எங்கே போடுவது, விலைவாசியை எப்படிச் சரிக்கட்டுவது. நான்கும் ஒன்றாக இருக்கும் இரண்டு எண்களை மட்டுமே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, வறுமை இவ்வளவு குறைந்தது என்று சொல்லலாம். வளரும் நாடுகளின் பொருளாதாரத்தைப் படிக்க வருகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இதுதான். பாடத்திட்டங்களில் கடைசியில் தள்ளப்படுவதும் இதுதான்.

வருமானத்தைக் கேட்காமல் செலவைக் கேட்பது ஏன்?

மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் அதிகமாக இருக்கும் நாட்டில் வருமானத்தைக் கேட்டாலே போதும். இந்தியா போன்ற நாட்டில் பெரும்பாலோர் விவசாயத்திலோ தினக்கூலியிலோ சிறு வியாபாரத்திலோ இருக்கிறார்கள். நெல் அறுத்த மாதத்தில் கையில் பணம் புரளும். அடுத்த மூன்று மாதம் ஒன்றும் வராது. பெட்டிக்கடைக்காரரிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால், விற்றுமுதலைச் சொல்வாரா, லாபத்தைச் சொல்வாரா என்பதே தெளிவில்லை. ஆனால் வருமானம் ஏறி இறங்கினாலும் சாப்பாட்டுச் செலவு அந்த அளவுக்கு ஆடாது. சேமிப்பைக் கரைத்தோ கடன் வாங்கியோ குடும்பம் அதைச் சமன்செய்துகொள்ளும். அதனால்தான் 1950-ல் புள்ளியியலாளர் மகலனோபிஸ் முன்னின்று தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு முதலே, நுகர்வுச் செலவை அடிப்படையாகக் கொள்வது இங்கே வழக்கமாயிற்று.

செலவு என்றால் கையை விட்டுப் போன காசு மட்டும் அல்ல. சொந்த வயலில் விளைந்து வீட்டில் சாப்பிட்ட அரிசியும் சேரும். அதற்குக் கடை விலை போடாமல் களத்து விலை போடுவார்கள். குடும்பத்தின் மொத்தச் செலவைத் தலைகளால் வகுத்தால் கிடைப்பதுதான் தலைக்கு மாதச் செலவு. வறுமைக் கணக்கு முழுவதும் இந்த ஒரு எண்ணின் மேல் நிற்கிறது.

கேள்வித்தாளில் நாட்களை மாற்றினால் ஏழைகள் குறைவார்கள்

இந்திய வறுமை விவாதத்தின் இதயம் இங்கேதான் இருக்கிறது. களப்பணியாளர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, போன மாதம் எவ்வளவு சமையல் எண்ணெய் செலவானது என்று கேட்கிறார். பதில் நினைவிலிருந்து வர வேண்டும். காலம் நீளமாக இருந்தால் சில்லறைச் செலவுகள் மறந்துபோகும். குறுகியதாக இருந்தால், அபூர்வமாக நடக்கும் செலவுகள் அந்தக் காலத்துக்குள் விழாமல் போகும். இதற்கு மூன்று முறைகள் புழக்கத்தில் இருந்திருக்கின்றன.

1. சீரான காலமுறை: எல்லாப் பொருளுக்கும் கடந்த 30 நாள்.

2. கலப்புக் காலமுறை: துணிமணி, செருப்பு, கல்வி, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சை, நீடித்து உழைக்கும் பொருட்கள் ஆகிய ஐந்துக்கும் கடந்த 365 நாள், மற்றவற்றுக்கு 30 நாள்.

3. திருத்திய கலப்புக் காலமுறை: அந்த ஐந்துக்கு 365 நாள். எண்ணெய், முட்டை, மீன், இறைச்சி, காய்கறி, பழம், மசாலாப் பொருட்கள், பானங்கள், தின்பண்டம், வெற்றிலை பாக்கு, புகையிலை, மது ஆகியவற்றுக்கு 7 நாள். அரிசி, பருப்பு, பால், சர்க்கரை, எரிபொருள் உள்ளிட்ட மற்றவற்றுக்கு 30 நாள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிராமத்தில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு 2011-12, டெண்டுல்கர் முறையில் அகில இந்திய ஊரகக் கோடு தலைக்கு மாதம் 816 ரூபாய். களப்பணியாளர் ஜூலையில் வருகிறார். சாப்பாடு, எரிபொருள், பேருந்துக் கட்டணம் எல்லாம் சேர்த்து முந்தைய 30 நாளில் 3,850 ரூபாய். அந்த மாதத்தில் துணி எடுக்கவில்லை, செருப்பு வாங்கவில்லை. தலைக்கு 770 ரூபாய். குடும்பம் ஏழை.

இப்போது அதே குடும்பத்திடம் ஐந்து இனங்களுக்கு மட்டும் ஓராண்டுச் செலவைக் கேட்கிறோம். பண்டிகைத் துணிக்கு 3,600, பள்ளிச் செலவு 1,200, செருப்புக்கு 600, ஒரு மின்விசிறிக்கு 1,200. மொத்தம் 6,600 ரூபாய். மாதத்துக்கு 550, தலைக்கு 110. இப்போது தலைக்கு மாதச் செலவு 880 ரூபாய். குடும்பம் ஏழையல்ல.

அந்த வீட்டில் ஒரு பிடி அரிசி கூடக் கூடவில்லை. கேட்ட கேள்வி மட்டும் மாறியது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 30 நாள் முறையிலும் யாரோ சிலர் பண்டிகை மாதத்தில் சிக்குவார்கள். அவர்கள் செலவு பெரிதாகப் பதிவாகும். ஆகவே நாட்டின் சராசரி அவ்வளவாக மாறாது. ஆனால் ஓராண்டுக் கேள்வி அந்தச் செலவை எல்லார் மீதும் பரப்பிவிடுவதால், அடிமட்டத்தில் பூஜ்யமாக இருந்தவை மேலே வருகின்றன. சராசரி அசையாமலே வறுமை விகிதம் இறங்கும்.

7 நாள் கேள்வி இதைவிடப் பலமானது. 1994 முதல் 1998 வரை சிறிய அளவிலான சுற்றுகளில் குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் ஒரு வகைக் கேள்வித்தாளைக் கொடுத்துச் சோதித்தார்கள். குறுகிய காலக் கேள்வித்தாளில் ஏழைகளின் விகிதம் ஏறத்தாழ பாதியாக வந்தது. 2011-12-லும் இரண்டு தனித்தனி மாதிரிகள், தலா சுமார் 1 லட்சம் குடும்பங்கள். அன்று உலக வங்கி பயன்படுத்திய 1.90 டாலர் கோட்டின்படி பார்த்தால், 30 நாள் முறையில் வறுமை 21.2 சதவீதம், திருத்திய முறையில் 12.4 சதவீதம். ஒரே நாடு, ஒரே ஆண்டு. பத்து கோடிப் பேருக்கு மேல் வித்தியாசம். இவ்வளவு பெரிய வித்தியாசம் வரக் காரணம், மக்களில் மிகப் பலர் கோட்டை ஒட்டியே வாழ்கிறார்கள் என்பதுதான். அங்கே ஐம்பது, நூறு ரூபாய் நகர்ந்தால் கோடிக்கணக்கானோர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறார்கள்.

1999-2000 சுற்றில் நடந்த கோளாறு

அந்த ஆண்டின் பெரிய கணக்கெடுப்பில், உணவுப் பொருட்களுக்கு 7 நாள் கேள்வியையும் 30 நாள் கேள்வியையும் ஒரே தாளில் அக்கம்பக்கமாக வைத்தார்கள். ஒரே ஆளிடம் இரண்டையும் கேட்டால், முதல் பதிலோடு இரண்டாவதை ஒத்துப்போகச் செய்வது மனித இயல்பு. 30 நாள் எண்ணிக்கை வழக்கத்தைவிட மேலே போனது. போதாக்குறைக்கு, துணி முதலிய ஐந்து இனங்களை 365 நாளுக்கு மட்டும் கேட்டார்கள். 1993-94-ல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26.1 ஆகிவிட்டதாக அறிவிப்பு வந்தது. இந்த இறக்கத்தில் வளர்ச்சியின் பங்கு எவ்வளவு, கேள்வித்தாளின் பங்கு எவ்வளவு என்ற சண்டை பல ஆண்டுகள் ஓடியது.

பின்னாளில் 2015-ல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர் ஆங்கஸ் டீட்டன், இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுற்றுகளிலும் மாறாமல் 30 நாளுக்கே கேட்கப்பட்ட பொருட்கள் சில உண்டு, எரிபொருள் அப்படிப்பட்டது. அவற்றின் செலவுக்கும் மொத்தச் செலவுக்கும் முந்தைய சுற்றில் இருந்த உறவைக் கொண்டு, புதிய சுற்றின் மொத்தச் செலவை ஊகித்தார். வறுமை குறைந்தது உண்மை, சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை என்பது அவர் கண்ட விடை.

கோட்டை எங்கே போடுவது?

தாதாபாய் நவ்ரோஜி, 1867-68 விலைகளில், சிறைக் கைதிகளுக்குத் தரப்படும் உணவையும் உடையையும் அடிப்படையாக வைத்து, ஆளுக்கு ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் என்று மதிப்பிட்டார். சுதந்திர இந்தியாவில் 1962-ல் ஒரு நிபுணர் குழு, 1960-61 விலையில் தலைக்கு மாதம் 20 ரூபாய் என்றது. கல்வியும் மருத்துவமும் அரசின் பொறுப்பு என்று கருதி, அவற்றை அதில் சேர்க்கவில்லை. இந்தத் தீர்மானத்தின் நிழல் பிந்தைய கோடுகள் மேலும் நெடுங்காலம் விழுந்து கிடந்தது.

1979-ல் அலக் குழு கலோரியைப் பிடித்தது: ஊரகத்தில் 2,400, நகரத்தில் 2,100. அந்தக் கலோரியை உண்மையில் உட்கொள்ளும் குடும்பங்கள் எவ்வளவு செலவு செய்கின்றன என்று பார்த்து, 1973-74 விலையில் மாதம் 49.09, 56.64 ரூபாய் என்று கோடு போட்டார்கள். 1993-ல் லக்டாவாலா குழு மாநிலத்துக்கு மாநிலம் தனிக் கோடு வகுத்தது.

கலோரிக் கோட்டின் சிக்கல் காலம் போகப் போகத் தெரிந்தது. பழைய கூடையை, அதாவது கோட்டில் நிற்கும் குடும்பம் வாங்கும் பொருட்களின் தொகுப்பை, விலைவாசியால் மட்டும் ஏற்றிக்கொண்டே வந்தார்கள். நடுவில் குடும்பங்கள் விறகுக்கு, பேருந்துக்கு, பள்ளிக்கு, மருந்துக்கு முன்பு தராத காசைத் தர வேண்டியதாயிற்று. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள்கூட அந்தக் கலோரியைச் சாப்பிடவில்லை.

2009-ல் டெண்டுல்கர் குழு கலோரியைக் கைவிட்டது. 2004-05-ல் நகர வறுமை 25.7 சதவீதம் என்ற பழைய மதிப்பீட்டை அப்படியே ஏற்று, அந்த நகர ஏழையின் கூடையை ஊரகத்துக்கும் பொதுவாக்கியது. கல்வி, மருத்துவச் செலவுகளும் உள்ளே வந்தன. விளைவு, 2004-05-ன் வறுமை 27.5-லிருந்து 37.2 சதவீதமாக ஏறியது. நகரத்தின் 25.7 மட்டும் ஏன் சரி என்ற கேள்விக்கு, ஏற்கெனவே பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதைத் தாண்டிப் பலமான பதில் கிடையாது. என் பார்வையில் அந்த முறையின் பலவீனமான கண்ணி இதுவே.

2011-ல் இந்தக் கோட்டை நாளுக்கு நகரத்தில் 32 ரூபாய், ஊரகத்தில் 26 ரூபாய் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்போக, நாடே கொதித்தது. 2014-ல் ரங்கராஜன் குழு கலோரியோடு புரதம், கொழுப்பையும் சேர்த்து, ஊரகத்துக்கு மாதம் 972, நகரத்துக்கு 1,407 ரூபாய் என்று உயர்த்தியது, ஏழைகள் 36.3 கோடி என்றது. டெண்டுல்கர் முறையில் அது சுமார் 27 கோடி. ரங்கராஜன் அறிக்கையை அரசு ஏற்றுக்கொள்ளவில்லை. 2011-12-க்குப் பிறகு இந்தியாவில் நுகர்வை வைத்து அதிகாரபூர்வமாக வறுமை மதிப்பீடு எதுவும் வெளியாகவில்லை. இந்த வெற்றிடத்தில்தான் உலக வங்கியின் எண் இவ்வளவு சத்தமாகக் கேட்கிறது.

மூன்று டாலர் என்றால் 255 ரூபாய் அல்ல

செய்தியைப் படித்தவர்கள் பலர் ஒரு டாலர் 85 ரூபாய் என்று பெருக்கி, நாளுக்கு 255 ரூபாய்க்குக் கீழே செலவழிப்பவர்களா வெறும் 5.3 சதவீதம் என்று திகைத்தார்கள். இந்த டாலர் வங்கியில் மாற்றும் டாலர் அல்ல. அமெரிக்காவில் 2021-ல் ஒரு டாலருக்குக் கிடைத்த அளவு பொருளை இந்தியாவில் வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்று கணக்கிட்ட, வாங்கும் திறனில் சமமான டாலர். அந்தக் கணக்கில் 2021-ல் ஒரு டாலர் ஏறத்தாழ 20 ரூபாய். ஆக மூன்று டாலர் என்பது 2021 விலையில் நாளுக்கு 60 ரூபாய்ச் சுமார், மாதத்துக்கு 1,800 சொச்சம்.

மூன்று டாலர் எங்கிருந்து வந்தது? மிகக் குறைந்த வருமான நாடுகள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட தேசியக் கோடுகளை வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்பதை எடுக்கிறார்கள். அந்த நாடுகள் பல தங்கள் கணக்கெடுப்பைச் செம்மைப்படுத்தி, கோட்டையும் உயர்த்தியிருந்ததால் நடு எண் மேலே போனது. 4.20 டாலர் கோடு கீழ்-நடுத்தர வருமான நாடுகளுக்கு உரியது. இந்தியா இருப்பது இந்தப் பிரிவில். எனவே நம் நாட்டின் நிலையைப் பேச 23.9 சதவீதம்தான் பொருத்தமான எண் என்பேன். மூன்று டாலர் உலகின் மிக ஏழை நாடுகளின் அளவுகோல்.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஒரே சமயத்தில் மூன்று மாற்றங்கள் நடந்தன.

1. கோடு உயர்ந்தது. 2022-23-க்கு இதன் விளைவை மட்டும் தனியே பார்த்தால் இந்தியாவிலும் வறுமை கூடுகிறது: 2.3-லிருந்து 5.3 சதவீதம்.

2. தரவு மாறியது. அதற்கு முன்பு உலக வங்கி 2021-க்கு வெளியிட்ட 12.9 சதவீதம், தனியார் நிறுவனம் ஒன்றின் குடும்பக் கணக்கெடுப்பைச் சார்ந்தது. அரசின் 2022-23 கணக்கெடுப்பு வந்ததும் அது கைவிடப்பட்டது.

3. கேள்விக் காலம் மாறியது. இந்தியாவுக்கு 30 நாள் முறையை விட்டுத் திருத்திய கலப்பு முறையை வங்கி ஏற்றது. 2011-12-ஐயும் அதே முறையில் திருப்பிக் கணக்கிட்டதால், மூன்று டாலர் கோட்டில் 27.1-லிருந்து 5.3 என்ற ஒப்பீடு கிடைத்தது.

12.9-ஐயும் 5.3-ஐயும் ஒப்பிடுவது தவறு. 27.1-ஐயும் 5.3-ஐயும் ஒப்பிடுவது அதைவிட மிக நியாயமானது. முழுக்க நியாயமானதா என்றால், இல்லை.

2022-23 கணக்கெடுப்பில் புதிதாக வந்தவை

2017-18-ல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி அரசு அதை வெளியிடவில்லை. ஆகவே 2011-12-க்கும் 2022-23-க்கும் நடுவே பதினோரு ஆண்டு இருட்டு. புதிய கணக்கெடுப்பு 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை 2,61,746 குடும்பங்களில் நடந்தது. அதில் மாறியவை:

முன்பு ஒரே வருகையில் முழுக் கேள்வித்தாளையும் முடிப்பார்கள். இப்போது உணவுக்கு ஒரு வருகை, அன்றாடப் பொருட்களுக்கும் சேவைகளுக்கும் ஒரு வருகை, நீடித்த பொருட்களுக்கு ஒரு வருகை என்று மூன்று மாதங்களில் மூன்று முறை. களைத்துப்போன இல்லத்தரசி மூன்றாவது மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் நிலை இல்லை. நல்ல மாற்றம், ஆனால் நினைவுக்கு வரும் செலவு கூடும். கேட்கப்படும் பொருட்களின் பட்டியலும் 347-லிருந்து 405 ஆனது. பட்டியல் விரிவாக இருந்தால் மொத்தம் கூடும் என்பது இந்தத் துறையில் தெரிந்த விதி. குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறியது: ஊரகத்தில் நில உடைமையும் நகரத்தில் கார் உடைமையும் அளவுகோலாயின.

இன்னொன்று தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நன்றாகப் புரியும். இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு மதிப்புப் போடுவதா, வேண்டாமா? ரேஷன் அரிசி, மடிக்கணினி, மிதிவண்டி, பள்ளிச் சீருடை, காலணி ஆகியவற்றைப் புதிய கணக்கெடுப்பு தனியே கேட்டு, மதிப்போடு ஒரு எண், மதிப்பில்லாமல் ஒரு எண் என்று இரண்டையும் வெளியிட்டது. இந்திய ஊரகச் சராசரி 3,773 ரூபாய்; இலவசப் பொருட்களைச் சேர்த்தால் 3,860. நகரத்தில் 6,459, சேர்த்தால் 6,521. சராசரியில் சிறிய வித்தியாசம்தான். ரேஷன் அரிசியை நம்பி வாழும் அடிமட்டக் குடும்பத்துக்கு இதே தொகை பெரிது. அரசு மருத்துவமனையிலும் அரசுப் பள்ளியிலும் இலவசமாகப் பெறும் சேவைக்கு மதிப்பே போடவில்லை. தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிச் செலவழித்தவரின் நுகர்வு உயர்ந்து தெரியும். அரசு மருத்துவமனையில் குணமாகி வந்தவரின் நுகர்வு தாழ்ந்து தெரியும். செலவை வைத்து நலனை அளக்கும் முறையின் கடுமையான குறை இது.

இவ்வளவு சொன்ன பிறகும், வறுமை பெரிதாகக் குறைந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2011-12 விலையிலேயே பார்த்தாலும் ஊரகத் தலைக்குச் செலவு 1,430-லிருந்து 2,008 ரூபாயாகியிருக்கிறது. ஊரகச் செலவில் உணவின் பங்கு 52.9-லிருந்து 46.4 சதவீதமாக இறங்கியிருக்கிறது. வசதி கூடும்போது நடப்பது இதுதான். குறைந்த அளவு எவ்வளவு என்பதில்தான் சந்தேகம் இருக்க வேண்டும், திசையில் இல்லை.

நிதி ஆயோக்கின் 11.28 வேறு சாதி எண்

பல்பரிமாண வறுமை செலவையே தொடுவதில்லை. ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு, பேறுகால நலம், படிப்பு, பள்ளி வருகை, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், வீடு, மின்சாரம், உடைமைகள், வங்கிக் கணக்கு என்று 12 குறிகள். நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் மூன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு எடை. ஒரு குடும்பத்தின் குறைகளின் எடை மொத்தத்தில் மூன்றில் ஒன்றை எட்டினால் அந்த வீட்டில் எல்லாரும் ஏழைகள். வங்கிக் கணக்கு, மின் இணைப்பு, கழிப்பறை போன்றவற்றை அரசுத் திட்டம் சில ஆண்டுகளில் கொடுத்துவிடலாம் என்பதால் இது வேகமாக இறங்கும். வீட்டில் கூலி உயர்ந்ததா என்பதை இது சொல்லாது. 2015-16-ல் 24.85, 2019-21-ல் 14.96 ஆகிய இரண்டும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அளந்தவை. 2022-23-க்குச் சொல்லப்படும் 11.28 அந்தப் போக்கை நீட்டிப் போட்ட மதிப்பீடு.

தரவை நீங்களே எடுத்துப் பார்க்க

குடும்பவாரியான தரவை மத்திய புள்ளியியல் அமைச்சகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பதிவு செய்துகொண்டால் போதும். முதுகலை மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இவை.

1. எல்லாவற்றையும் 30 நாளுக்குக் கொண்டுவாருங்கள். 7 நாள் செலவை 30/7-ஆல், ஓராண்டுச் செலவை 30/365-ஆல் பெருக்க வேண்டும்.

2. மூன்று வருகைகளுக்கு நடுவே குடும்பத்தில் தலைகள் கூடும், குறையும். ஒவ்வொரு வருகையின் செலவையும் அந்த வருகையின் தலை எண்ணிக்கையால் வகுத்த பிறகே கூட்டுங்கள்.

3. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரப்பட்டிருக்கும் எடையை (மாதிரியில் உள்ள அந்தக் குடும்பம் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்ற எண்ணை) குடும்பத்தின் அளவால் பெருக்குங்கள். இதை விட்டால் ஏழைக் குடும்பங்களின் விகிதம் கிடைக்கும், ஏழை மக்களின் விகிதம் கிடைக்காது. ஏழைக் குடும்பங்களில் தலைகள் அதிகம் என்பதால் வறுமை உண்மையைவிடக் குறைவாக வரும்.

4. வறுமையைத் தொடும் முன் 3,773, 6,459 என்ற வெளியான சராசரிகள் உங்கள் கணினியில் வருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால் முதல் மூன்றில் எங்கோ பிழை.

5. மாநிலத்துக்கும் ஊரகம், நகரத்துக்கும் தனித்தனிக் கோடு வையுங்கள். பிறகு கோட்டை 10 சதவீதம் ஏற்றியும் இறக்கியும் ஓட்டிப் பார்த்து, மூன்று விடைகளையும் சேர்த்தே எழுதுங்கள். ஒற்றை எண்ணைக் கொடுப்பவரைவிட அந்த வரம்பைக் கொடுப்பவர் நம்பத்தக்கவர்.

எண் மாறினால் யாருக்கு என்ன ஆகும்?

1997-ல் ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று மத்திய அரசு சுருக்கியபோது, மாநிலத்துக்கு எத்தனை குடும்பம் என்பதை 1993-94 வறுமை மதிப்பீடு தீர்மானித்தது. பின்னர் நாடு முழுக்க அது 6.52 கோடிக் குடும்பங்களாயிற்று. மாதிரிக் கணக்கெடுப்பு ஒரு மாநிலத்தில் இத்தனை பேர் ஏழை என்றுதான் சொல்லும். அந்த ஏழை எந்த வீட்டில் இருக்கிறார் என்று சொல்லாது. எண்ணிக்கை மேலிருந்து வந்தது, ஆளைக் கீழே தேட வேண்டியதாயிற்று. தகுதியுள்ளவர்கள் பலர் விடுபட்டதன் மூலகாரணம் இது. தமிழ்நாடு எல்லாருக்கும் ரேஷன் என்பதைக் கைவிடாததால் அந்தச் சேதத்தைத் தவிர்த்தது.

2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வறுமைக் கோட்டோடு இருந்த முடிச்சை அவிழ்த்து, ஊரகத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் என்று வரம்பை உயர்த்தியது. ஆனால் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க 2011-12 நுகர்வுக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொண்டார்கள். செலவு அதிகமாகப் பதிவான மாநிலத்துக்குப் பங்கு குறைந்தது. தமிழ்நாட்டுக்கு ஊரகத்தில் சுமார் 63, நகரத்தில் சுமார் 38 சதவீதம்தான் கிடைத்தது. மீதிப் பேருக்கான அரிசியின் செலவு மாநிலத்தின் தலையில். 2022-23-ல் தமிழ்நாட்டின் ஊரகத் தலைக்குச் செலவு 5,310 ரூபாய், அகில இந்தியச் சராசரி 3,773. இதே முறையில் மறுபடி பங்கு பிரித்தால் இந்த வித்தியாசம் நமக்கு எதிராகவே பேசும்.

விலைவாசிக் குறியீட்டிலும் இந்தக் கணக்கெடுப்பின் கை இருக்கிறது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட சில்லறை விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை 45.86 ஆக இருந்தது, அது 2011-12 கணக்கெடுப்பிலிருந்து வந்தது. புதிய தொடருக்கு 2023-24 கணக்கெடுப்பு அடிப்படை. உணவின் எடை இறங்கினால், தக்காளி விலை எகிறும் மாதத்தில் பணவீக்கம் முன்பு காட்டிய அளவுக்குத் தாவாது. ரிசர்வ் வங்கி 4 சதவீத இலக்கோடு ஒப்பிட்டு வட்டியைத் தீர்மானிப்பது இந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் சுமார் 81 கோடிப் பேர் என்ற எண்ணிக்கை 2011 மக்கள்தொகையை வைத்துப் போட்டது. 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போனதால், இடையில் பிறந்தவர்களும் புதிதாகக் குடும்பமானவர்களும் யாராவது நீக்கப்பட்டால்தான் உள்ளே வர முடியும் என்ற நிலை பல மாநிலங்களில் இருக்கிறது. 2027 எண்ணிக்கை வந்ததும் மொத்த அளவு மாறும். மாநிலங்களுக்கிடையே பங்கு பிரிக்க எந்தக் கணக்கெடுப்பை, இலவசப் பொருட்களின் மதிப்பைச் சேர்த்தா சேர்க்காமலா எடுப்பது என்பதை அப்போது முடிவு செய்தாக வேண்டும்.